ஒரே திரவம்: பல்செட்டிலும் கண் லென்ஸிலும் இடுப்பு எலும்பிலும்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "சார், சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், உயில் எழுதுவது எப்படி, எல்லாம் பேசியாகிவிட்டது. நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் கெமிக்கல் ஃபாக்டரியில் இருந்தவர். அதைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். கெமிஸ்ட்ரி என்றால் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போய்விடுவார்களே என்றேன். "கவலைப்படாதீர்கள், டிபன் உங்கள் பேச்சு முடிந்த பிறகுதான்" என்றார். ஆகவே நீங்கள் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

இந்தச் சபையில் பல்செட் போட்டவர்கள், காடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், முழங்கால் அல்லது இடுப்பு மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், தூக்கினால் கூடமே நிறைந்துவிடும். இந்த மூன்று வைத்தியத்துக்கும் பின்னால் ஒரே ஒரு திரவம் இருக்கிறது. அதைத்தான் நான் என் உத்தியோக காலம் முழுவதும் டிரம் டிரம்மாகப் புழங்கினேன். பெயர் மீதைல் மெதாக்ரிலேட். தண்ணீர் மாதிரி நிறமில்லாதது, தண்ணீரை விடச் சற்று லேசானது, கிட்டத்தட்ட தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியிலேயே கொதிப்பது. வாசனை மட்டும் தண்ணீர் மாதிரி இல்லை. பல் டாக்டரின் லேபுக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறும் ஒரு கூர்மையான நெடி இருக்கிறதே, அதுதான்.

இது ஒரு மோனோமர். அதாவது தனித்தனி மாலிக்யூல். ஒவ்வொன்றும் தன் இரண்டு கையையும் தானே கோத்துக்கொண்டு சும்மா நிற்கும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் வந்து ஒரு பையனின் கையைப் பிரித்து இழுத்துவிட்டால், அவன் பக்கத்துப் பையனின் கையைப் பிடிப்பான், அவன் அடுத்தவனை. க்ஷண நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சங்கிலியாகிவிடுவார்கள். அந்தச் சங்கிலிகள்தான் பாலிமர். நாம் அக்ரிலிக் என்று சொல்கிற கெட்டியான, கண்ணாடி போன்ற பொருள். முதல் பையனின் கையைப் பிரித்து விடுபவர் ஒரு பெராக்ஸைடு. பாலுக்கு உறை மோர் மாதிரி ஒரு துளி போதும்.

ஆனால் உறை மோருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பால் தயிராகும்போது பாத்திரம் சுடாது. இது இணையும்போது சுடும். ஒரு கிலோ மீதைல் மெதாக்ரிலேட் முழுவதும் இணைந்தால் வெளிவரும் சூடு, சுமார் 2 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இன்னொன்று, அது சுருங்கும். 100 பங்கு திரவம் ஊற்றினால் சுமார் 80 பங்கு கட்டிதான் கிடைக்கும். மூன்றாவது, எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் மாலிக்யூல்கள் கை கோக்காமல் உள்ளேயே நின்றுவிடும். சூடு, சுருக்கம், மிச்சம் ஆகிய இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதில் பல்லானாலும் கண்ணானாலும் எலும்பானாலும் தகராறு எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்று ஒருவர். 1901-ல் டாக்டர் பட்டத்துக்கு அக்ரிலிக் சேர்மங்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தார். பிறகு தோல் பதனிடும் தொழிலுக்கான சரக்கு விற்றுப் பிழைத்துக்கொண்டு, இந்த ஆசையை விடாமல் வைத்திருந்தார். மோட்டார் காருக்கு உடைந்தாலும் சிதறாத கண்ணாடி வேண்டும் என்று, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இந்தத் திரவத்தை ஒட்டும் படலமாக இறுக வைத்துப் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை. கண்ணாடியை விட்டுக் கழன்று, தானே ஒரு தெளிவான தகடாக வந்து நின்றது. வெளிச்சத்தில் 92 சதவீதம் ஊடுருவும், எடை கண்ணாடியில் பாதிதான். 1933-ல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர் பதிவாயிற்று. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஜான் கிராஃபோர்ட், மோனோமரை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அவர்கள் வைத்த பெயர் பெர்ஸ்பெக்ஸ்.

அந்த மலிவான வழி எது தெரியுமா? நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோன் ஒரு பக்கம், ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷ வாயு மறு பக்கம். இரண்டையும் சேர்த்து, கந்தக அமிலத்தில் காய்ச்சி, மெத்தனால் விட்டால் நம் திரவம் வரும். துணைப் பொருளாக வரும் அம்மோனியம் உப்பு உரத்துக்குப் போகும். நம் நாட்டில் வதோதராவுக்கு அருகே நந்தேசரியில் குஜராத் ஸ்டேட் ஃபெர்டிலைசர்ஸ் கம்பெனி இதைத் தயாரித்ததும், ஒரு உரக் கம்பெனிக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்காததும் இதனால்தான். ஆனாலும் தேவையில் பெரும் பகுதி நமக்குக் கப்பலில் வந்து இறங்குவதுதான். சயனைடே இல்லாமல், எத்திலீனிலிருந்து செய்யும் முறையில் சிங்கப்பூரில் 2008-ல் ஒரு ஆலை ஓடத் தொடங்கியது. ஜப்பான்காரர்கள் அதற்கும் முன்பே, 1980-களில், வேறொரு வழியைப் பிடித்துவிட்டார்கள்.

நான் இருந்தது தகடு வார்க்கும் ஃபாக்டரி. இரண்டு பெரிய கண்ணாடிகள், ஓரம் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு பட்டை, கிளிப்பு போட்டு இறுக்கியிருக்கும். நடுவே திரவத்தை அப்படியே ஊற்ற மாட்டோம். முன்னதாகவே கொஞ்சம் சூடாக்கிப் பாகு பதத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுவோம். மைசூர்பாகு கிளறுகிற மாமிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பதம் ஒரு நிமிஷம் தாண்டினால் போச்சு. பிறகு வெந்நீர்த் தொட்டியில் பல மணி நேரம் இறக்கி வைப்போம். ஏன் அவ்வளவு நேரம் என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். திரவம் கெட்டியாக ஆக, உள்ளே இணைகிற வேகம் தானாகவே கூடும். சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் 100 டிகிரியைத் தாண்டினால், இன்னும் இணையாத திரவம் உள்ளேயே கொதித்துவிடும். தகடு முழுக்கக் குமிழி. அவசரப்பட்டவனுக்குக் கிடைப்பது தூக்கி எறிய வேண்டிய பலகைதான். சுருக்கத்தைத் தாங்குவதற்காகத்தான் ஓரத்தில் அந்த நெகிழும் பட்டை. தகடு மெலிய மெலிய, கண்ணாடிகளும் கூடவே நெருங்கி வரும்.

திரவம் டிரம்மிலேயே தானாக இணைந்துவிடாமல் இருக்க ஒரு தடுப்பு மருந்தை மிகச் சிறிய அளவில் கலந்திருப்பார்கள். இதில் ஒரு நூதனம். அந்த மருந்து வேலை செய்யப் பிராணவாயு வேண்டும். எரியும் திரவம்தானே, டாங்கில் நைட்ரஜன் நிரப்பி வைத்தால் பத்திரம் என்று படித்த இஞ்சினீயர்களே நினைப்பார்கள். அது தப்பு. காற்றை எடுத்துவிட்டால் காவல்காரனைத் தூங்க வைத்த மாதிரி. அதனால்தான் டிரம்மை வாய் வரை நிரப்ப மாட்டார்கள், மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள், வெயிலில் வைக்க மாட்டார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். அங்கே இருந்தது ஸ்டைரீன், இதற்குச் சித்தப்பா முறை ஆகும் இன்னொரு மோனோமர். ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்றிருந்த டாங்கில் சூடு ஏறி, திரவம் தானே இணையத் தொடங்கி, ஆவி வெளியேறிப் பக்கத்துக் கிராமத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் பரவியது. 12 பேர் இறந்தார்கள். ஓடுகிற ஃபாக்டரியை விட நிறுத்தி வைத்த ஃபாக்டரிக்குத்தான் அதிகக் கண் வேண்டும் என்று நாங்கள் ஷிஃப்டில் சொல்லிக்கொள்வோம்.

சரி, பல்லுக்கு வருவோம்.

1930-களின் பாதி வரை பல்செட்டின் ஈறுப் பகுதி கந்தகம் போட்டு இறுக்கிய ரப்பரால் ஆனது. கறுப்பும் சிவப்புமாக இருக்கும், எச்சில் ஊறி நாற்றம் எடுக்கும். 1937 வாக்கில் அக்ரிலிக் வந்தது. பத்து வருஷத்துக்குள் ரப்பர் காணாமல் போய்விட்டது. பல் லேபில் செய்வது எங்கள் ஃபாக்டரி வேலைதான், சின்ன அளவில். ஏற்கெனவே இணைந்த பாலிமரைப் பொடியாக வைத்திருப்பார்கள். அதில் திரவத்தைக் கலந்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி வரும். பொடி ஏற்கெனவே சுருங்கி முடித்தது, திரவம் மட்டும்தான் இனிமேல் சுருங்க வேண்டும். ஆகவே மொத்தச் சுருக்கம் 20-லிருந்து 6, 7 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அச்சில் வைத்து 74 டிகிரி வெந்நீரில் எட்டு மணி நேரம் வைப்பது ஒரு நல்ல முறை.

இங்கேதான் மிச்சம் என்று சொன்னேனே, அது வருகிறது. நிதானமாக வேகவைத்த பல்செட்டில் இணையாத மோனோமர் 0.2-லிருந்து 0.5 சதவீதம் இருக்கும். உடைந்த பல்செட்டை "ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தருகிறேன்" என்று சூடில்லாமல் இறுக்கித் தருகிறார்களே, அதில் 3-லிருந்து 5 சதவீதம் வரை இருக்கும். அந்த மிச்சம்தான் சிலருக்கு வாய் எரிச்சல், ஈறு சிவப்பது எல்லாம் கொடுக்கிறது. ஒட்டி வாங்கியதை அன்றே மாட்டிக்கொள்ளாமல் ஒரு நாள் சாதாரணத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், மிச்சத்தில் ஒரு பகுதி வெளியேறிவிடும். சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கிற தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், வளைந்துவிடும். என் மன்னி ஒரு தரம் இட்லிப் பானைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அப்புறம் பதினைந்து நாள் ரசம் சாதமும் தயிர் சாதமுமாகக் காலம் தள்ளினாள்.

கண் விஷயம்தான் இந்தத் திரவத்தின் பெருமை. கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன்.

உங்களில் எழுபது தாண்டியவர்களுக்கு அந்தக் காலத்துக் காடராக்ட் ஆபரேஷன் ஞாபகம் இருக்கும். லென்ஸை எடுத்துவிடுவார்கள், வேறு எதுவும் வைக்க மாட்டார்கள். பிறகு சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு கண்ணின் பிம்பமும் ஒன்று சேராது. டபராவில் காபியை ஆற்றினால் பாதி வேஷ்டியில்தான். அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், கழற்றிய கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஹெரால்டு ரிட்லி லண்டனில் ஒரு கண் டாக்டர். யுத்த காலத்தில் விமானிகளைப் பார்த்தார். அதில் ஒருவர் கார்டன் கிளீவர். 1940 ஆகஸ்ட் 15 அன்று அவர் ஓட்டிய ஹரிகேன் விமானம் சுடப்பட்டு, மேல்மூடி தெறித்து, பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் கண்ணுக்குள் போய்விட்டன. சாதாரணமாக வெளிப் பொருள் எது கண்ணுக்குள் போனாலும் வீங்கிச் சிவந்து ரகளை செய்யும். இந்தச் சில்லுகள் வருஷக் கணக்கில் உள்ளே பேசாமல் இருந்தன. ரிட்லி அதைக் கவனித்தார். ஆபரேஷன் பார்க்க வந்த ஒரு மாணவன், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டதாகவும் சொல்வார்கள். இரண்டும் அவர் மனதில் சேர்ந்தன. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் அக்ரிலிக் லென்ஸை வைத்தார்.

அதற்கான தகடு கடையில் வாங்கியதல்ல. ஐ.சி.ஐ. கம்பெனி கண்ணுக்கென்றே தனியாகச் செய்து கொடுத்தது. தடுப்பு மருந்தோ, இணையாத மோனோமரோ கண்ணுக்குள் கசிந்தால் விபரீதம் அல்லவா? விமான மூடியில் இருந்ததை விடச் சுத்தமான சரக்கு வேண்டியிருந்தது. ஒரு டாக்டரின் யோசனை என்று இதைச் சொல்கிறோம். அந்தச் சுத்தத்தைக் கொண்டுவந்த ஃபாக்டரி கெமிஸ்டுகளை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, ஜாதி அபிமானம் மாதிரி தொழில் அபிமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்லியின் முதல் லென்ஸ்கள் கனமானவை. பல இடம் பெயர்ந்து வழுக்கி விழுந்தன. அந்தத் துறையின் பெரியவர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள், கண்ணுக்குள் பிளாஸ்டிக்கா என்று. முப்பது வருஷம் ஆயிற்று உலகம் அவர் வழிக்கு வர. கடைசியில் அவர் கண்களிலேயே லென்ஸ் வைத்தார்கள். 2000-ல் சர் பட்டம் கிடைத்தது, அடுத்த வருஷம் காலமானார். வயது 94.

நம் நாட்டுக்கு இது ஏழைகள் வரைக்கும் வந்தது எப்படி என்றால், மதுரைக்குத்தான் போக வேண்டும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலவச நோயாளிகளுக்கும் லென்ஸ் வைக்க ஆசைப்பட்டது. இறக்குமதி லென்ஸின் விலை இடம் கொடுக்கவில்லை. 1992-ல் ஆரோலேப் என்று தாங்களே தொடங்கி, சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்கு லென்ஸ் செய்தார்கள். பிறகு பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுக்காரன் சொல்லும் விலைதான் விலை என்று இருந்த ஒரு சரக்கில், நம்மாலும் முடியும் என்று செய்து காட்டியது அது.

இப்போது நீங்கள் கேட்பது மடக்கும் லென்ஸ். மடங்காத பழைய லென்ஸுக்கும் இதற்கும் என்ன உறவு? ஒரே குடும்பம். பழைய அக்ரிலிக் சுமார் 105 டிகிரிக்குக் கீழே கெட்டியாகவே இருக்கும். அதே மெதாக்ரிலேட் வகை மோனோமரோடு அக்ரிலேட் வகை மோனோமரையும் சேர்த்துச் சங்கிலியை நெகிழ விட்டால், அறைச் சூட்டிலேயே ரப்பர் மாதிரி சுருட்டலாம். சுருட்டினால் 3 மில்லி மீட்டருக்கும் குறைந்த துவாரத்தின் வழியாக உள்ளே விடலாம். கெட்டி லென்ஸுக்கு 6 மில்லி மீட்டர் வேண்டும். துவாரம் சிறியதானால் புண் சீக்கிரம் ஆறும். வித்தியாசம் இதுதான். கெட்டி லென்ஸ் மட்டம் என்று அர்த்தமில்லை. தையல் இல்லாத சிறு துவார முறையில் கை தேர்ந்த டாக்டர்கள் அதை வைத்து அருமையான பார்வை கொடுக்கிறார்கள்.

என் அத்திம்பேருக்கு ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் நாலு பாக்கேஜ் அட்டையை நீட்டினாள். கீழே உள்ளது "இண்டியன்", மேலே உள்ளது "இம்போர்டட்". இரண்டுக்கும் விலை மூன்று மடங்கு வித்தியாசம். என்ன பொருளால் ஆனது, ஒற்றைப் பார்வையா பல தூரப் பார்வையா என்று அத்திம்பேர் கேட்டதற்கு, "மேலே உள்ளதுதான் சார் எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பதுதான் பதில். அவரும் அதையே எடுத்தார். மானம் போய்விடுமே! நீங்கள் போனால் அந்தக் கேள்விகளை டாக்டரிடமே கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

காண்டாக்ட் லென்ஸ் போடும் இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. இதே மோனோமரின் தலையில் தண்ணீரை விரும்பும் ஒரு குழுவைச் சேர்த்தால் அது தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகிவிடும். எடையில் 38 சதவீதம் தண்ணீர். செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லே என்ற கெமிஸ்ட், 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு மேஜை மேல், பையனின் மெக்கானோ மாதிரியான விளையாட்டுச் சாமானும் சைக்கிள் டைனமோவும் வைத்துச் சுழற்றி முதல் மெத்தென்ற லென்ஸ்களை வார்த்தார். சமையலறையில் ஆராய்ச்சி செய்தால் திட்டுகிற மாமிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக எலும்பு. முழங்கால் மாற்றும்போதும் இடுப்பு மாற்றும்போதும் உலோகத்தை எலும்போடு பொருத்த டாக்டர் "சிமெண்ட்" போடுவார். அது நம் திரவம்தான். பாரிஸில் ஜூடெ சகோதரர்கள் 1946-லேயே தொடை எலும்பின் தலையையே அக்ரிலிக்கில் செய்து வைத்தார்கள். அது தேய்ந்து உடைந்தது. ஒருவருக்கு நடக்கும்போது கீச்சு கீச்சென்று சத்தம் வந்து, வீட்டுக்காரி கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்தாளாம். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மூட்டின் உராய்வைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தார் என்பார்கள். அவர் 1958-ல், பல்செட் செய்யும் அதே அக்ரிலிக்கை, மூட்டாக இல்லாமல், உலோகத்தைச் சுற்றி நிரப்பும் காரையாக உபயோகித்தார். சிமெண்ட் என்று பெயரே தவிர அது ஒட்டாது. எலும்பின் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் மாவு மாதிரிப் புகுந்து இறுகி, பளுவைச் சமமாகப் பரப்பும். அவ்வளவுதான்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பாக்கெட்டில் சுமார் 40 கிராம் பொடி, ஒரு கண்ணாடிக் குப்பியில் சுமார் 20 மில்லி லிட்டர் திரவம். பொடியில் பாலிமரும் பெராக்ஸைடும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் உப்பும் இருக்கும். கலந்தால் முதலில் கஞ்சி, பிறகு கையில் ஒட்டாத மாவு, அப்புறம் சூடு, அப்புறம் கல். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். தியேட்டர் வெக்கையாக இருந்தால் இன்னும் சீக்கிரம், ஆகவே பொடியையும் குப்பியையும் குளிரில் வைத்து எடுக்கிற டாக்டர்களும் உண்டு. ஜெர்மனியில் இதோடு ஜென்டாமைசின் மருந்தைக் கலந்து, புண் சீழ் பிடிக்காமல் உள்ளிருந்தே கசிய விட்டார்கள். கலக்கும்போது வரும் ஆவியை உறிஞ்ச இப்போது மூடிய பாத்திரங்கள் வந்துவிட்டன. திரவம் ரப்பர் கையுறையைச் சீக்கிரம் ஊடுருவும். மெத்தென்ற காண்டாக்ட் லென்ஸ் போட்ட நர்ஸ் இந்த ஆவிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. நாங்கள் ஃபாக்டரியில் கற்றுக்கொண்ட அதே பாடங்கள், தொப்பியும் பச்சை அங்கியும் மட்டும் கூடுதல்.

சிமெண்டை எலும்புக் குழிக்குள் அழுத்தும் அந்த நிமிஷத்தில் சிலருக்கு, முக்கியமாக இடுப்பு முறிந்த வயோதிகர்களுக்கு, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். முதலில் மோனோமர்தான் விஷம் என்று பழி போட்டார்கள். அழுத்தத்தில் மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போவதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதனால்தான் குழியை நன்றாகக் கழுவிய பிறகு, "சிமெண்ட் போடப் போகிறேன்" என்று மயக்க மருந்து டாக்டரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்கள்.

அப்படியானால் சிமெண்ட் இல்லாத மூட்டு நல்லதுதானே, புதியதுதானே என்று கேட்பீர்கள். பல இடங்களில் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். திடமான எலும்புள்ள ஐம்பது வயதுக்காரருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் விழுந்து இடுப்பு முறிந்த பெரியவர்கள் கதை வேறு. பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 1,200-க்கும் அதிகமான நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சிமெண்ட், பாதிப் பேருக்கு சிமெண்ட் இல்லாமல், பாதி மூட்டு மாற்றிப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. சிமெண்ட் போட்டவர்களின் வாழ்க்கை சற்று மேலாக இருந்தது, மூட்டைச் சுற்றி எலும்பு மறுபடி உடைவதும் குறைவு. அறுபது வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய சரக்கு ஜெயித்துவிட்டது. முழங்கால் மூட்டின் விலைக்கு அரசாங்கம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. எந்த மூட்டு உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு உச்சவரம்பு யாரும் வைக்க முடியாது, அதை நாம்தான் கேட்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இந்தச் சிமெண்ட் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். எலும்பு தேய்ந்து முதுகெலும்பு நசுங்கியவர்களுக்கு, ஊசி வழியாக அதற்குள் சிமெண்டைச் செலுத்தும் வைத்தியம் 1984-ல் பிரான்ஸில் தொடங்கியது. வலி பறந்துவிடும் என்று உலகம் முழுவதும் பரவியது. 2009-ல் இரண்டு ஆராய்ச்சிகள் ஒரே சமயம் வெளிவந்தன. சிலருக்கு சிமெண்ட், சிலருக்கு ஊசி குத்துகிற மாதிரி பாவனை மட்டும். நோயாளிக்கு எது என்று தெரியாது. இரண்டு கூட்டத்துக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. சிலருக்கு அது வேண்டும் என்று வாதிக்கும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் முதுகு வலிக்கு யாராவது அவசரமாகச் சிமெண்ட் போடலாம் என்றால், இந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வைத்தியத்துக்குப் போவது மொத்த உற்பத்தியில் ஒரு துளிதான். மீதி எல்லாம் கடைப் பெயர்ப் பலகை, காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு, வீட்டுச் சுவரின் எமல்ஷன் பெயிண்ட். பெயிண்டில் இதைத் தனியாகப் போட்டால் விரிசல் விடும், பியூட்டைல் அக்ரிலேட் என்ற மிருதுவான தோழனோடு சேர்த்துப் போடுவார்கள். ஜப்பானில் ஓகினாவா மீன் காட்சியகத்தில் 60 சென்டிமீட்டர் கனத்தில், 22.5 மீட்டர் நீளத்தில் ஒரே சுவராக நிற்கிறது, பின்னால் திமிங்கிலச் சுறா நீந்துகிறது. 2020-ல் பாங்க் கவுண்டரிலும் மளிகைக் கடையிலும் தொங்கிய தடுப்புத் தகடுகள் நினைவிருக்கிறதா? அவற்றிலும் பெரும்பாலும் இதுதான்.

அந்தத் தகடுகள் எல்லாம் எங்கே போயின என்று ஒரு பேத்தி கேட்டாள். இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு அபூர்வ குணம் உண்டு. 350, 400 டிகிரிக்குச் சூடாக்கினால் கை கோத்த மாலிக்யூல்கள் கையை விட்டுவிடும். மறுபடி திரவம் வந்துவிடும், அதை வடித்துப் புதுத் தகடு வார்க்கலாம். பெரும்பாலான பிளாஸ்டிக்குகளில் இது இவ்வளவு சுலபமாக நடக்காது. நம் நாட்டில் சிறு பட்டறைகள் இந்த வேலையை உருக்கிய ஈயத்தின் மேல் துண்டுகளைப் போட்டுச் செய்து வந்திருக்கின்றன. மலிவான வழிதான். ஆனால் ஈயம் அந்தத் தொழிலாளியின் ரத்தத்தில் ஏறும், கசடாக வெளியே வந்து மண்ணிலும் சேரும். ஈயம் இல்லாமல், திருகு போட்ட உருளைக்குள் சூடாக்கிச் செய்யும் இயந்திரங்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வந்திருக்கின்றன. நம் பிள்ளைகளில் யாராவது கெமிக்கல் இஞ்சினீயரிங் படித்துவிட்டு, சாஃப்ட்வேருக்குப் போகாமல் இருந்தால், செய்வதற்கு இங்கே வேலை காத்துக்கொண்டிருக்கிறது.

டிபன் தயாராகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் அங்கே வந்து கேட்கலாம்.